செதுக்காத வாசல்

அரியமுத்து போட்டுவைத்த சுண்ணாம்புக் கோட்டின் மேல் இருசம்மாள் ஒரு வாளிச் சாணித் தண்ணீரை ஊற்றினாள். தெளிக்கவில்லை, ஊற்றினாள். வெள்ளைக் கோடு கரைந்து பச்சையாகி அவன் செருப்பு நுனிவரை வந்து நின்றது. அவன் காலை எடுக்கவில்லை. கையில் கயிற்றுப் பந்தும் முளைக்குச்சியும் இருந்தன. தெருவின் மேல்முனையில் தொடங்கி வரிசையாக இருபத்தாறு வீட்டு வாசல்களைத் தாண்டிக் கோடு போட்டு வந்திருந்தான். மிச்சம் பதினெட்டு அடி. அது இருசம்மாளின் வாசல். அதற்கப்பால் குட்டை.

இருசம்மாள் அவனுக்கு அத்தை. அப்பாவின் கூடப்பிறந்தவள். அவள் மகள் சுகன்யாவைத்தான் அவன் கட்டியிருந்தான். கல்யாணமாகிப் பதினான்கு மாதம் அவள் உயிரோடு இருந்தாள். செத்து எட்டு மாதமாகிறது. இந்த எட்டு மாதத்தில் இருசம்மாள் அவனிடம் நேராக ஒரு சொல் பேசியதில்லை. சின்ன வயதில் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். கல்யாணத்துக்குப் பிறகு வாங்க மாப்ள என்றாள். இப்போது அவனுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் ஆட்டிடம் சொல்கிறாள்.

“பாத்தியாடி செவலை,” என்றாள், முளையில் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்து. “பொண்ணைப் பாம்புக்குக் குடுத்தது பத்தலையாம். பாம்புக்குப் பாய் விரிக்கக் கயிறு புடிச்சுக்கிட்டு வந்துட்டாங்க.”

எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். அரியமுத்து குச்சியைப் பிடுங்கிக் கயிற்றைச் சுற்றினான். இருபத்தாறாவது வீட்டோடு வாய்க்கால் நிற்கும் என்று நோட்டில் எழுதிக்கொண்டான்.

பாடாலூரிலிருந்து மேற்கே பிரியும் சாலையில் இருக்கிறது ஊர். மேலத்தெரு மேட்டில். கீழத்தெரு பள்ளத்தில். முன்பெல்லாம் மேலத்தெரு மண்தெருவாக இருந்தது. பெய்த மழையில் பாதியை அதுவே குடித்துவிடும். இரண்டு வருஷத்துக்கு முன் அங்கே சிமெண்டுச் சாலை போட்டார்கள். அதன் பிறகு அங்கே விழும் ஒவ்வொரு சொட்டும் வழுக்கிக்கொண்டு கீழத்தெருவுக்கு வந்தது. கீழத்தெருவின் மண் கரிசல். ஒரு சாண் நனைந்ததும் ஊதி வாயை மூடிக்கொள்ளும். தண்ணீர் எங்கும் போகாமல் வீடுகளுக்குள் ஏறும்.

போன கார்த்திகையில் மூன்று நாள் மழை. அரியமுத்து அப்போது ஆலத்தியூரில், சிமெண்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தான். வேதியியல் படித்தவன். வாரத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவான். மூன்றாம் நாள் விடிந்ததும் சுகன்யா, அம்மா வீட்டில் கணுக்கால் தண்ணீரில் நின்று அரிசிப் பானையைப் பரணில் ஏற்றியிருக்கிறாள். தண்ணீரோடு வந்த கட்டுவிரியன் பானைக்கு அடியில் ஒதுங்கியிருந்தது. பாடாலூரிலிருந்து வந்த வேன் தெருவுக்குள் இறங்க முடியாமல் மேல்முனையில் நின்றது. தொடையளவு தண்ணீரில் கட்டிலோடு தூக்கிப் போனார்கள். பெரம்பலூர் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. ஆலை வாசலுக்குச் சேதி வந்து, மூன்று பஸ் மாறி அவன் வந்து சேர்ந்தபோது, வீட்டுக்குள் தண்ணீர் வடியாததால் அவளை இரண்டு பெஞ்சுகளை ஒட்டிப்போட்டு அதன்மேல் கிடத்தியிருந்தார்கள். பெஞ்சுக் கால்களைச் சுற்றித் தண்ணீர் அசைந்துகொண்டிருந்தது. அவன் அந்த அசைவையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுகை வரவில்லை. அன்றும் வரவில்லை, பதினாறாம் நாளும் வரவில்லை. இருசம்மாள் அதைக் கவனித்தாள். தெருவும் கவனித்தது.

தை மாதம் ஆலை வேலையை விட்டான். பெரம்பலூரில் நீர்வடிப்பகுதித் திட்ட ஆபீசில் களப்பணியாளனாகச் சேர்ந்தான். ஏன் என்று கேட்டவர்களுக்கு, பக்கம் என்றான்.

திட்டம் இதுதான். தெருவோரம் நெடுக அகலமாக, முட்டியளவுக்கு மேல் ஆழமில்லாமல் ஒரு வாய்க்கால். பத்து எட்டுக்கு ஒரு வரிசையாகக் குறுக்கே வெட்டிவேர்ப் புல். புல் தண்ணீரைத் தடுக்காது, சீப்பு மாதிரி வாரி விடும். வேகம் குறையும், மண் தங்கும். வேர் ஆளுயரத்துக்கு இறங்கி, மூடிய கரிசலில் வழி திறக்கும். மிச்சத் தண்ணீர் கடைசியில் குட்டைக்குப் போகும். குட்டையின் நடுவில் கரிசலைத் தாண்டிச் சுக்கான் கல் தட்டும்வரை குழி தோண்டி, உடைகல்லும் மணலும் நிரப்ப வேண்டும். சுக்கான் தண்ணீரைக் குடிக்கும். தெருவில் நிற்பது நிலத்துக்குள் போகும்.

இதையெல்லாம் அவன் அடிபம்பு அருகே நடந்த கூட்டத்தில் சொன்னான். சொல்லி முடித்ததும் வார்டு மெம்பர் கொளஞ்சி எழுந்தான். கொளஞ்சி அரியமுத்துவின் பெரியப்பா மகன். தெருவுக்குச் சிமெண்டு வாய்க்கால் கேட்டு மூன்று வருஷமாக மனு கொடுத்துக்கொண்டிருப்பவன்.

“மேலத்தெருவுக்குச் சிமெண்டு. நமக்குப் புல்லு. ஏன் தம்பி, நாம என்ன மாடா?”

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் வேடிக்கை இல்லை. கொளஞ்சி இன்னும் பேசினான். சிமெண்டுக் கம்பெனிச் சோறு தின்றவன் சிமெண்டு வேண்டாம் என்கிறான், படிப்பு அப்படிச் செய்யும் என்றான். கொளஞ்சி சொன்னதில் நியாயம் இருந்தது என்பது அரியமுத்துவுக்குத் தெரியும். நியாயம் வேறு, தண்ணீர் வேறு.

“சிமெண்டு வாய்க்கால்ல தண்ணி இன்னும் வேகமா ஓடும் அண்ணே. ஓடி எங்க போவும்? கடைசி வூட்டுக்குள்ள.”

கடைசி வீட்டுக்காரி பம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பம்பிடமே சொன்னாள்.

“எம் வூட்டுக்குள்ள வர்றதெல்லாம் வந்து போயாச்சு. இனிமே என்ன வந்தா என்ன.”

அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. திட்டத்தில் இதற்குத்தான் இடமிருக்கிறது, வேண்டாமென்றால் எதுவுமில்லை என்று ஆபீசர் சொல்லிவிட்டார். எதுவுமில்லை என்பதைவிடப் புல் மேல் என்று கொளஞ்சி கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டுப் பேனாவைத் தரையில் எறிந்தான்.

புல் என்பதுதான் அவர்களுக்குத் தாங்கவில்லை. அந்தத் தெருவில் ஒருத்தி இன்னொருத்தியைச் சபிக்க நினைத்தால், ஒன் வாசல்ல புல்லு மொளைக்க என்பாள். அதற்கு மேல் சாபம் கிடையாது. விடிந்ததும் வாசலைக் கூட்டி, வாரத்துக்கு ஒருமுறை மண்வெட்டியால் செதுக்கி, தரை நெற்றி மாதிரி மொழுக்கென்று இருந்தால்தான் அது ஆள் வாழும் வீடு. சாவு விழுந்த வீட்டு வாசலை மட்டும் ஒரு வருஷம் செதுக்க மாட்டார்கள். அறுகும் கோரையும் நெருஞ்சியும் தன்போக்கில் வளரும். வருஷம் திரும்பி, தலைத் தெவசத்தன்று விடியலில் பங்காளிகள் வருவார்கள். துக்கக்காரன் தன் கையால் மண்வெட்டியை எடுத்துக் கொடுப்பான். அவர்கள் வாசலைச் செதுக்குவார்கள். சாணி தெளித்துக் கோலம் போட்டால் துக்கம் கழிந்தது. அரியமுத்துவின் வீடு தெருவின் நடுவில் பதினாலாவது. சித்திரையிலேயே அங்கே புல் முழங்கால் உயரம் நின்றது. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அதுவே அடையாளமாகிவிட்டது. இப்போது அவன் இருபத்தாறு வாசலுக்கும் புல் கொண்டுவருகிறான்.

ஆடி மாதம் நட்டார்கள். கொளஞ்சியின் ஆட்கள் யாரும் வரவில்லை. பொம்பளைகள் எட்டுப் பேர் வந்தார்கள். அவர்களுக்கு மேஸ்திரி மாதிரி ஆண்டாயி. இருசம்மாள் வீட்டுக்கு முந்தின வீடு அவளுடையது. நாற்றுக் கட்டைப் பிரித்து, மூன்று மூன்று தூராக எடுத்து, விரல் நீளக் குழியில் வைத்து, மண் தள்ளி, குதிகாலால் இரண்டு மிதி. முதல் மிதி வேரைப் பதிக்க, இரண்டாவது காற்றை வெளியேற்ற. அரியமுத்து செய்து காட்டினான். ஆண்டாயி அரை நாளில் அவனைவிட வேகமாகச் செய்தாள்.

“இத்தினி வருசமாப் புல்லப் புடுங்கித்தான் கூலி வாங்குனேன்,” என்றாள். “நட்டுக் கூலி வாங்குறது இதான் மொத தடவ. அடுத்தாப்புல குப்பை கொட்டவும் கூலி குடுப்பீங்களா தம்பி?”

அவன் அடுத்த நாற்றுக் கட்டைப் பிரித்தான். அவன் சிரிக்காததை அவள் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பது வரிசை நட்டார்கள். ஆண்டாயி வாசலோடு வாய்க்கால் நின்றது. பதினெட்டு அடி மொழுக்கென்று கிடந்தது. அதற்கப்பால் குட்டையில் குழி தோண்டிக் கல் நிரப்பினார்கள். குழி தயாராக இருந்தது, வழிதான் இல்லை.

வாய்க்காலில் குப்பையைக் கொட்டினார்கள். சிலர் ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கிப் போட்டார்கள். அவன் காலையில் எழுந்து திரும்ப நட்டான். புள்ளைகளைப் பாம்பு கடிச்சா நீதான் பதில் சொல்லணும் என்று ஒருத்தி வழிமறித்துச் சொன்னாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை. தெருவே இழவு காக்குது என்று மேலத்தெருவில் பேசிக்கொண்டார்கள். கொளஞ்சிக்கு அது பொறுக்கவில்லை. ஐப்பசியில் நாலு நல்ல மழை பெய்தது. தண்ணீர் வந்தது, புல்லுக்குள் புகுந்தது, மெதுவாக நடந்தது. வாசல் ஏறவில்லை. எல்லோரும் பார்த்தார்கள். இந்த வருஷம் மழை பத்தலை என்றார்கள்.

கார்த்திகை பிறந்ததும் கொளஞ்சி வீட்டுக்கு வந்தான். வாலிகண்டபுரத்தில் ஒரு பெண் இருக்கிறது, ஆசிரியர் பயிற்சி படித்தது, தெவசம் முடியட்டும், பேசிவிடலாம் என்றான். அரியமுத்து சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. அண்ணன் வந்த வேலையை முடித்துக்கொண்டு போகட்டும் என்று இருந்தான். அந்தப் பேச்சு அன்று சாயங்காலமே கடைசி வீட்டை எட்டியது. செவலை ரொம்ப நேரம் பேச்சு கேட்டது.

தெவசத்தன்று அவன் இருட்டு பிரியும் முன்பே பம்பில் குளித்தான். மண்வெட்டியைக் கழுவிக் காம்பில் மஞ்சள் தடவினான். பங்காளிகள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஆளுக்கொரு மண்வெட்டி கொண்டுவந்திருந்தார்கள். அதை அவன் கவனித்திருக்க வேண்டும். ஒரு வாசலைச் செதுக்க மூன்று பேர் போதும். அவன் கவனிக்கவில்லை. அவன் நினைப்பெல்லாம் படையலுக்குக் கத்தரிக்காயா, கருணைக்கிழங்கா என்பதில் இருந்தது. சுகன்யாவுக்கு எது பிடிக்கும் என்று யோசித்தான். தெரியவில்லை. பதினான்கு மாதத்தில் தெரிந்துகொள்ளாதது இனி தெரியப்போவதில்லை. மண்வெட்டியை இரண்டு கையிலும் ஏந்திக் கொளஞ்சியிடம் கொடுத்தான். கொளஞ்சி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முதல் வெட்டு போட்டான்.

கோரையும் நெருஞ்சியும் பத்து நிமிஷத்தில் போயின. தரை வெளிச்சத்துக்கு வந்தது. அரியமுத்து சாணி கரைத்த வாளியை எடுக்கக் குனிந்தான். நிமிர்ந்தபோது கொளஞ்சி வாய்க்காலுக்குள் இறங்கியிருந்தான்.

“அண்ணே, அது வாய்க்கா.”

“தெரியுது.” கொளஞ்சி கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டான். குரலில் கோபம் இல்லை. “ஆடியிலேர்ந்து தெருவே துக்கம் காத்துது தம்பி. ஒன் வாசலுக்கு மட்டும் கழிச்சா ஆச்சா?”

வெட்டினான். மற்றவர்களும் இறங்கினார்கள். முதலில் மேல்பக்கம் போனார்கள், தெருமுனை வரைக்கும். செய்கிற முறை தெரிந்தவர்கள். சடங்கு என்பதால் ஒருத்தரும் தப்பென்று நினைக்கவில்லை. வீடுகளிலிருந்து வெளியே வந்து நின்றவர்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தாங்களும் கை கொடுத்தார்கள். நாலு மாதத்துப் புல். தூர் லேசில் வரவில்லை. மண்வெட்டி ஓரிடத்தில் மூன்று நான்கு தடவை விழ வேண்டியிருந்தது. வேர் அறுபட அறுபடத் தெருவில் வாசனை எழுந்தது. கோடையில் மண்பானையைத் திறந்ததும் வருமே, அந்தக் குளிர்ந்த வாசனை. ஒருவன் வெட்டுவதை நிறுத்தி மூக்கை உறிஞ்சினான். பிறகு மறுபடி வெட்டினான். அரியமுத்து வாளியைப் பிடித்தபடி நின்றான். வாய் திறந்தால் சொல் வரும் என்று தெரிந்தது. திறக்கவில்லை. பெஞ்சுக் கால்களைச் சுற்றி அசைந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றது போலவே நின்றான். இருபத்தொரு வரிசை போனது.

மேல்முனையை முடித்துக்கொண்டு அவர்கள் இறங்கி வந்தார்கள். இனிக் கீழ்ப்பக்கம். பத்தொன்பது வரிசை மிச்சம். வானம் வெளுக்காமல் ஈயப் பாத்திரத்தின் அடிபோல் இருந்தது. தெற்கே காற்று நின்றுவிட்டிருந்தது. அவன் வாளியைக் கீழே வைத்தான். போய் வாய்க்காலில் இறங்கி, மிச்சமிருந்த முதல் வரிசையின் முன்னால் நின்றான்.

“நிறுத்துங்கண்ணே.”

“என்னடா?”

“துக்கம் முடியல.”

துக்கம் முடியவில்லை என்று துக்கக்காரன் சொன்னால் செதுக்கக் கூடாது. அப்படி யாரும் சொல்லி அங்கே ஒருவரும் கேட்டதில்லை. எல்லோரும் ஒரு வருஷத்தை எப்போது தள்ளுவோம் என்று இருப்பவர்கள். பன்னிரண்டு மண்வெட்டியும் நின்றன. அரியமுத்துவுக்குத் தன் குரல் அடுத்த வீட்டு ரேடியோவிலிருந்து வந்தது போலிருந்தது. சொன்னது உண்மையா என்று உள்ளே தேடிப் பார்த்தான். அங்கே பதில் சொல்ல யாரும் இல்லை.

கும்பல் விலகியது. இருசம்மாள் வந்தாள். ஆட்டை விட்டுவிட்டு வந்திருந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். கண்ணை, பிறகு கன்னத்தை. ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பவள் மாதிரி.

“புல்லக் காப்பாத்த எம் பொண்ணு சாவைக் கொண்டாராத.”

ஆட்டுக்குச் சொன்னதல்ல. அவனுக்குச் சொன்னது. அவன் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. விலகவும் இல்லை. வரிசையின் முதல் தூர் அவன் கெண்டைக்காலில் உரசிக்கொண்டிருந்தது. கொளஞ்சி மண்வெட்டியைத் தூக்கினான். இருசம்மாள் அவனைத் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டித் தடுத்தாள்.

“இரு. முடியலன்னு பன்னெண்டு பேர் முன்னாடி சொல்லிட்டாரு. அப்ப முடியல.” அவனுக்கு இன்னும் ஒரு எட்டு நெருக்கமாக வந்தாள். “அடுத்த கார்த்திகை வரைக்கும் ஒங்க வாசல்ல கோலம் கெடையாது. பொங்கல் கெடையாது. வாலிகண்டபுரத்துக்கு எவனும் பொண்ணு கேட்டுப் போகக் கூடாது. சம்மதமா?”

“சம்மதம்.”

உடனே சொல்லிவிட்டான். அவள் அதை எதிர்பார்க்கவில்லை. தயங்குவான், இழுப்பான், அப்போது பிடித்துக்கொள்ளலாம் என்று வந்தவள்.

“அதான் வாசலைச் செதுக்கியாச்சே அத்த,” என்றான் கொளஞ்சி.

“மொளைக்கும்,” என்றாள். “கெட்டுப்போன வாசல்ல நல்லாவே மொளைக்கும்.”

அவள் போய்விட்டாள். கொளஞ்சி மஞ்சள் தடவிய மண்வெட்டியை அரியமுத்துவின் காலடியில் போட்டான். புல்லுக்காகப் பொண்டாட்டியை அடமானம் வெச்சுட்டான் என்று மற்றவர்களிடம் சொன்னான். தாழ்ந்த குரலில்தான். கேட்கட்டும் என்றுதான். பங்காளிகள் கை கழுவாமலே கலைந்தார்கள். படையலுக்கு ஒருவரும் நிற்கவில்லை. சாப்பிடாமல் போவதுதான் அங்கே பெரிய அடி. வெட்டிய தூர்கள் மேல்பக்கம் நெடுகக் குவியல் குவியலாகக் கிடந்தன. காய்ந்ததும் கொளுத்துவதாக இருந்தார்கள்.

மத்தியானம் இலை போட்டுப் பரிமாறினான். கத்தரிக்காயும் இருந்தது, கருணைக்கிழங்கும் இருந்தது. சுகன்யாவின் படம் சின்னது, ரேஷன் கார்டுக்கு எடுத்ததைப் பெரிதாக்கியது. அதில் அவள் யாரையோ கோபித்துக்கொண்ட மாதிரி இருப்பாள். சூடம் காட்டி முடித்தபோது ஆண்டாயி வாசலில் நின்றாள்.

“எனக்குப் பசிக்குது தம்பி, சோத்தைப் போடு. துக்கம் முடிஞ்சா என்ன, முடியாட்டி என்ன. காலைலேர்ந்து பல்லுல பச்சத் தண்ணி படல.”

அவள் மட்டும் சாப்பிட்டாள். உப்பு கம்மி என்றாள். கைகழுவும்போது தெற்கே பார்த்து, இன்னிக்கு நம்ம வூட்டுக்குள்ள படுக்கமுடியாது போலருக்கே என்றாள். அவன் வெளியே வந்து பார்த்தான். ஈய வானம் கறுத்திருந்தது.

மூன்று மணிக்குப் பிடித்தது. முதல் கால் மணி நேரம் மண் வாசனையும் வெட்டிவேர் வாசனையும் கலந்து அடித்தன. பிறகு மழையைத் தவிர எதுவும் இல்லை. மேலத்தெருச் சிமெண்டில் விழுந்தது அத்தனையும் மொத்தமாகத் திரண்டு கீழத்தெரு முனையில் இறங்கியது. காலையில் கொத்திப் பொலபொலப்பாகக் கிடந்த வாய்க்கால் மண்ணைக் கரைத்துக்கொண்டு, குவித்துவைத்த தூர்களைப் புரட்டிக்கொண்டு வந்தது. மேல்பக்கத்துப் பதிமூன்று வீடுகளிலும் அரை மணி நேரத்தில் படி ஏறியது. சட்டி பானைகளை மேலே ஏற்றும் சத்தம். ஒரு குழந்தை நிறுத்தாமல் அழுதது. கொளஞ்சி தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, வாசலில் மண்ணை வெட்டி அணைத்துக்கொண்டிருந்தான். அரியமுத்து அவனைத் தாண்டிப் போனான். பிறகு நின்று, கொளஞ்சியின் வாசலில் சிக்கியிருந்த ஒரு மரக்கட்டையை இழுத்து அகற்றிவிட்டு நடந்தான்.

அவன் வீட்டுக்குக் கீழே தண்ணீர் வேறு மாதிரி இருந்தது. பத்தொன்பதில் முதல் வரிசையில் வந்து மோதிய சேறு அங்கேயே தங்கி மேடாகியது. தண்ணீர் அகன்று, புல்லின் தாள்களுக்கிடையே நசுங்கி நுழைந்து, அடுத்த வரிசைக்குத் தயங்கி வந்தது. வரிசைக்கு வரிசை நிறம் வெளுத்தது. ஆண்டாயி தன் படியில் உட்கார்ந்து கால் நனைத்துக்கொண்டிருந்தாள். படிக்குக் கீழேதான் தண்ணீர். அவள் அவனைப் பார்த்தாள். முதல் தடவையாகக் கேலி எதுவும் சொல்லவில்லை.

அவளுடைய வாசலோடு வாய்க்கால் முடிந்தது. நாற்பதாவது வரிசையைத் தாண்டியதும் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. மொழுக்கென்று செதுக்கி, வருஷக்கணக்கில் சாணி மெழுகி இறுகிய பதினெட்டு அடித் தரையில் அது கண்ணாடித் தகடு போல் விரிந்து ஓடியது. பாதி குட்டைக்குப் போயிற்று. பாதி திரும்பி இருசம்மாளின் படியை நக்கியது. இருசம்மாள் கதவுநிலையில் நின்றாள். ஆட்டை உள்ளே, பரணுக்கு அடியில் கட்டியிருந்தாள். பரண்மேல் அரிசிப் பானை இருந்தது. தண்ணீர் ஒரு விரல் ஏறினால் உள்ளே வரும்.

அரியமுத்து மண்வெட்டியோடு நின்றான். காலையில் காலடியில் விழுந்த அதே மண்வெட்டி, காம்பில் மஞ்சள் கழுவிப் போயிருந்தது. குட்டைவரை ஒரு முழம் அகலத்துக்குக் கீறிவிட்டால் போதும். ஆடி மாதம் அவள் சாணித் தண்ணீர் ஊற்றி அழித்த கோடு எங்கே இருந்தது என்று அவனுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டும் போட முடியும். கோட்டின் இந்தப் பக்கம் நின்றான். மழை முகத்தில் வழிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மழையில் எது எதுவென்று யாருக்கும் தெரியாது.

அவன் கேட்கவில்லை. அவள் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

மேலேயிருந்து வெட்டுப்பட்ட தூர் ஒன்று வந்தது. பத்தொன்பது வரிசையில் எங்கோ ஓரமாகத் தப்பி, சுழன்று சுழன்று, தகட்டுத் தண்ணீரில் இறங்கி, அவள் படியில் முட்டி நின்றது. அவள் குனிந்தாள். எடுத்து உதறினாள். மண் கரைந்து வேர் வெள்ளையாகத் தொங்கியது. மூக்குக்கு அருகில் கொண்டுபோனாள். நெடுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு படியை விட்டு இறங்கி, கணுக்கால் தண்ணீரில் நின்று, அதைத் தரையில் போட்டுக் குதிகாலால் மிதித்தாள். ஒருமுறை. சற்றுப் பொறுத்து, இன்னொரு முறை.